பாதி மாத்திரை

எனக்கு இப்போது காய்ச்சல் இல்லை. இருமல் இருக்கிறது, ஆனால் முன்போலக் குடலைப் பிடுங்குகிற இருமல் இல்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பேனா பிடிக்க முடிகிறது. இந்தச் சுகம் எவ்வளவு காலத்துக்கு என்று டாக்டரம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு எந்தக் கோட்டையைப் பிடிக்கப்போகிறேன்? கை ஓடும்போதே எழுதிவிடுகிறேன். இதைப் படிக்கிற ஒருத்தி, ஒரே ஒருத்தி, வீட்டுக்குப் போய்த் தன் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தால் எனக்கு அது போதும்.

என் பெயர் தெரேசம்மாள். மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்தவள். என் வீட்டுக்காரர் சவரிமுத்து. அவர் பாத்தியில் உப்பை வாருவார், நான் கூடையில் சுமந்துபோய் மேட்டில் கொட்டுவேன். எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. உப்பள முதலாளி கொடுத்த குடிசையில் இருந்தோம். வேலை இருக்கிறவரை குடிசை, அவ்வளவுதான் பேச்சு. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த புண்ணியத்தில் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணம் செய்துவைத்த சாமியார் பிரசங்கத்தில், "புருஷன் பெண்டாட்டிக்குள்ள ஒரே ஒரு போட்டிதான் இருக்கணும். யார் அதிகமாக் குடுக்கிறதுங்கிற போட்டி" என்றார். நல்ல பேச்சுதான். நாங்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டை அவர் என் சோற்றுக்கு அடியில் ஒளித்து வைப்பார். நான் அதைத் தூக்கி அவர் தட்டில் போடுவேன். அவர் திரும்ப என் தட்டில் போடுவார். பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருந்த ஷரீபா அக்கா ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டு, "இந்த மீனு தட்டுக்குத் தட்டு நடந்தே களைச்சிப்போவுதுடி. யாராவது தின்னு தொலைங்களேன்" என்றாள். நாங்கள் சிரித்தோம். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை வருஷத்தில் எங்கள் இரண்டு பேரில் ஒருவர்கூட "எனக்கு இது வேணும்" என்று வாய் திறந்து கேட்டதில்லை. அதையும் பெருமை என்றே நினைத்தோம், முட்டாள்கள்.

எமர்ஜென்சி சமயம் அது. பஸ்ஸெல்லாம் நேரத்துக்கு வருகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எனக்கு மூச்சுதான் நேரத்துக்கு வரவில்லை. மழை முடிந்து பாத்திக்குத் தண்ணீர் கட்ட ஆரம்பித்தபோது இருமலும் ஆரம்பித்தது. உப்புக் காற்று என்றேன். ராத்திரியில் வேர்த்தது, புழுக்கம் என்றேன். ஒரு நாள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சும்மாட்டுத் துணியால் வாயைத் துடைத்தேன். துணியில் ரத்தம். அவர் வாருபலகையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஓடி வந்தார். அன்றைக்கே புதுச்சேரிக்குப் பஸ் ஏறினோம்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளமான பெஞ்சுகள். பெஞ்சு முழுக்க இருமுகிறவர்கள். ஒவ்வொருவர் கையிலும் மூடி போட்ட ஒரு சின்ன டப்பா, அதில் அவரவர் சளி. யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. டப்பாவை மடியில் மறைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்தவர்கள்போல எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நானும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடியில் பார்ப்பார்களாம். கிருமி இருந்தால் சிவப்புக் குச்சி குச்சியாகத் தெரியுமாம். எக்ஸ்ரே அறையில் ஜில்லென்ற தகட்டில் மார்பை ஒட்டி நிற்கவைத்து, மூச்சை அடக்கு என்றார்கள். அடக்க மூச்சு இருந்தால் நான் ஏன் அங்கே நிற்கிறேன்?

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது பக்கம் மேலே வெள்ளையாக ஒரு மேகம், மேகத்துக்கு நடுவில் கறுப்பாக ஓர் ஓட்டை. "டி.பி.தாம்மா. நுரையீரல்ல அந்த இடத்தைக் கிருமி தின்னுடுச்சி. பயப்படாதீங்க, இப்ப மருந்து இருக்குது. முதல்ல ஊசி, கூடவே தினம் ஒரு மாத்திரை. ஊசி நின்னாலும் மாத்திரைய ஒண்ணரை வருஷம் விடாம முழுங்கணும். உடம்பு தேறிடுச்சின்னு நிறுத்தினீங்கன்னா அவ்ளோதான்" என்றார். பால், முட்டை சாப்பிடச் சொன்னார். அப்புறம் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "உங்களுக்கு இருமல் ஏதும் இருக்குதா?" என்று கேட்டார். "எனக்கு ஒண்ணும் இல்லீங்கம்மா. கல்லு மாதிரி இருக்கேன்" என்றார் அவர்.

மரக்காணத்திலேயே கம்பவுண்டர் ஊசி போட்டார். ஊசி போட்டால் காதுக்குள் சில்வண்டு கத்தும், நடந்தால் தரை சாயும். வேலைக்குப் போக முடியவில்லை. அவர் தனியாகப் போனார். அது தபசுகாலம். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நாங்கள் ஒருசந்தி இருப்போம், அதாவது ஒரு வேளைச் சாப்பாடு. நோயாளிக்கு ஒருசந்தி கிடையாது. அவர் மட்டும் இருந்தார். ஷரீபா அக்கா வீட்டுக் கோழி போட்ட முட்டையும் பாலும் என் முன்னால் வைத்துவிட்டு, "எனக்கு ஒருசந்தி" என்று வெயிலில் பாத்திக்கு இறங்கிவிடுவார். எனக்காக என் புருஷன் பட்டினி கிடக்கிறார், ஆண்டவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று நான் உருகிப்போனேன்.

ஈஸ்டர் வந்தது, போனது. அவருடைய ஒருசந்தி மட்டும் போகவில்லை. "உனக்கு கொணமாவுற வரைக்கும் நேர்ச்ச போட்டிருக்கேன்" என்றார். நான் தேறிக்கொண்டே வந்தேன், கன்னத்தில் சதை போட்டது. அவர் வற்றிக்கொண்டே போனார். கோயிலில் எல்லோரும் அவரைக் கும்பிடாத குறைதான். அவருக்கு உண்மையில் பசியே எடுக்கவில்லை என்பதும், சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது என்பதும் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. சாப்பிட முடியாத சோற்றை எனக்குக் கொடுத்துவிட்டு அதற்கு நேர்ச்சை என்று பெயர் வைத்திருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், சாமியை வைத்து ஒரு பொய் சொல்லக் கற்றுக்கொண்டார்.

ஒரு காலை, கொடியில் அவர் துண்டு ஈரமாகத் தொங்கியது. வீட்டில் துணி துவைக்கிறவள் நான். அவர் எப்போது துவைத்தார்? எடுத்துப் பார்த்தேன். ரத்தக் கறை முழுசாகப் போகவில்லை.

"எவ்ளோ நாளா இது?" என்றேன்.

"உப்புக் காத்து."

"யார்கிட்ட சொல்றீங்க? நானும் அதத்தான சொன்னேன்?"

அவர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "நானும் படுத்துட்டேன்னு தெரிஞ்சா மொதலாளி குடிசைய காலி பண்ணுன்னு சொல்லிடுவான். ரெண்டு பேரும் படுத்தா யாரு யார எழுப்புறது, தெரேசு?"

"மாத்திர இருக்குது இல்ல. பாதி பாதி சாப்டலாம்."

"அது உனக்குக் குடுத்தது."

"எனக்குக் குடுத்தது உங்களுக்கு இல்லியா? கோயில்ல என்னா சொல்லித் தாலி கட்டினீங்க?"

 அன்றிலிருந்து ஆரம்பித்தது எங்கள் பங்கு. சாயங்காலம் ஜெபமாலை சொல்லி முடித்ததும் அரிவாள்மனையில் மாத்திரையை வைத்து நறுக்குவேன். நேர் பாதியாக விழாது, ஒன்று பெரிசு ஒன்று சிறிசாக விழும். பெரிய துண்டு யாருக்கு என்று அங்கேயும் போட்டி. நீங்க எடுங்க, இல்ல நீ எடு. பொடி சிந்தினால் விரலால் ஒற்றி என் நாக்கில் வைப்பார். சொன்னால் நம்பமாட்டீர்கள், எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமான காலம் அதுதான். ஒரே உடல் என்று கோயிலில் சொல்கிறார்களே, அது இதுதான் என்று நினைத்தேன். நோயைக்கூடச் சரிபாதி பிரித்துக்கொண்டோம் என்று எனக்குக் கர்வம்.

ஷரீபா அக்கா ஒரு நாள் எதற்கோ வந்தவள், அரிவாள்மனையைப் பார்த்துவிட்டாள். "அடி பாவி மக்கா! மருந்தையாடி அறுத்துத் திங்குறீங்க?"

"எங்க வேதத்துல, இருக்கிறத பங்கு போட்டுக்கணும்னு இருக்குதுக்கா."

"எங்க வேதத்துலயும்தான் இருக்குது. நோம்புக் கஞ்சிய பங்கு வைப்போம், மருந்தையா வைப்போம்? அந்த ஆள இழுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. நீங்க ரெண்டு பேரும் குடுத்துக் குடுத்தே சாவப்போறீங்க."

நான் சிரித்து மழுப்பினேன். அவளுக்கு எங்கள் அன்பு புரியவில்லை என்று அவரிடம் சொன்னேன்.

அடுத்த மழைக்கு இரண்டு பேரும் விழுந்தோம். எனக்குப் பழைய இருமல் திரும்பி வந்தது, அவருக்கு வாய் நிறைய ரத்தம் வந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை. பஸ்ஸில் பெரிய முதலியார்சாவடி தாண்டும்போது அவர் ஜன்னல் வழியாகக் கக்கினார். முன்சீட்டுக்காரர்கள் எழுந்து பின்னால் போய்விட்டார்கள். யாரோ ஒரு பெரியவர் மட்டும் தன் தோள் துண்டை உருவிக் கொடுத்து, "வச்சிக்கம்மா, திருப்பித் தர வேணாம்" என்றார். திருப்பித் தர வேண்டாம் என்றது இரக்கமா பயமா தெரியாது. வாங்கிக்கொண்டேன்.

டாக்டரம்மா இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார். என் படத்தில் ஓட்டை பெரிசாகியிருந்தது. அவர் படத்தில் நெஞ்சு எது ஓட்டை எது என்றே தெரியவில்லை. "மாத்திரைய விட்டுட்டீங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒரு நாள்கூட விடலீங்கம்மா. ரெண்டு பேரும் தவறாம பாதி பாதி சாப்ட்டோம்."

பாராட்டுவார் என்று நினைத்துத்தான் சொன்னேன், சத்தியமாக. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.  அப்புறம், "இத யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?" என்றார்.

"கோயில்லதாம்மா" என்றார் என் வீட்டுக்காரர், தலை குனிந்து.

டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். முழு மாத்திரை கிருமியைக் கொல்லும். பாதி மாத்திரை பலவீனமான கிருமியை மட்டும் கொன்று, பலமானதை விட்டுவைக்கும். அந்தப் பலமானது குட்டி போட்டுப் பெருகும், அதற்கு அப்புறம் முழு மாத்திரை கொடுத்தாலும் சட்டை செய்யாது. பாம்பை அரைகுறையாய் அடித்து விட்ட கதை. இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு உடம்பிலும் பாம்பு வளர்த்திருக்கிறோம்.

கடைசியில் டாக்டரம்மா சொன்னதுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. "அவருக்கு ரத்தம் வந்த அன்னைக்கே வந்திருந்தா அவருக்கும் தனியா ஒரு மாத்திரை டப்பா குடுத்திருப்பேனேம்மா. இங்க மருந்துக்குக் காசா கேக்கிறோம்? ஒருத்தர் மருந்த ரெண்டு பேர் தின்ன வேண்டிய அவசியமே இல்லையே!" கேட்டால் கிடைத்திருக்கும். எங்களுக்குக் கேட்கத்தான் தெரியாதே. கொடுக்க மட்டுமே தெரிந்த இரண்டு ஜன்மங்கள்.

அவரை ஆண்கள் வார்டிலும் என்னைப் பெண்கள் வார்டிலும் சேர்த்தார்கள். நடுவில் ஒரு வராந்தா. எங்கள் சளியைக் குப்பியில் வைத்து வளர்த்து, எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகிறது என்று பார்ப்பார்களாம். அந்தக் கிருமி வளர்வதற்கும் ஆடி அசைந்து வாரக்கணக்கு ஆகுமாம். காத்திருந்தோம். மறுபடி ஊசி, மறுபடி காதில் சில்வண்டு. பெயர் வாயில் நுழையாத ஒரு புது மாத்திரை, தின்றால் நாக்கெல்லாம் இரும்பு ருசி, உள்ளே போன சோறு உடனே வெளியே வரும். நர்சம்மா எதிரில் நின்று வாயைத் திறந்து காட்டச் சொல்லுவார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

சாயங்காலம் வராந்தாவில் அவரோடு உட்கார விடுவார்கள். ஒரு நாள் பேசிக்கொண்டே இருந்தவர் நிறுத்திவிட்டு, "தெரேசு, எனக்கு பயமா இருக்குது" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை.  மீன் துண்டை எடுத்துக் கொடுக்கத் தெரிந்தவளுக்கு இதற்கு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. "எனக்கும்தாங்க" என்றேன். அவர் அப்பாடா என்று மூச்சு விட்டார். கொஞ்சம் கழித்து, "காலு குளுருது, பிடிச்சி விடுறியா?" என்று கேட்டார். கேட்டார்! அவர் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுத அழுகையைப் பார்த்து வராந்தாவே திரும்பியது.

தன்னை நேசிப்பது போலப் பிறரையும் நேசி என்றுதானே ஆண்டவர் சொன்னார். அதில் முதல் பாதியை நாங்கள் காதில் வாங்கவே இல்லை. தனக்கு நோய் என்று ஒத்துக்கொள்ளாதவர் எனக்கு எதைக் கொடுத்தாலும், கூடவே ஒரு பொய்யையும் கொடுத்தார். நானும் அப்படித்தான். "எனக்கு வலிக்குது, எனக்கு வேணும்" என்று சொல்வதும் கட்டினவருக்குக் கொடுக்கிற ஒன்றுதான் என்று இந்த வராந்தாவில்தான் தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஷரீபா அக்கா பஸ் ஏறி வந்து பார்த்தாள். குடிசையை முதலாளி பூட்டிவிட்டான், எங்கள் சட்டி பானை அவள் வீட்டில் இருக்கிறது என்று சொன்னாள். "நான் சொன்னபடிதானே ஆச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். குடித்துவிட்டு, "அக்கா, தலை சிக்கு பிடிச்சிக் கெடக்குது. வாரி விடு" என்றேன். அவள் சீப்பை எடுத்தாள், அப்புறம் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "இத்தினி வருசத்துல இப்பதான்டி என்கிட்ட ஒண்ணு கேட்டிருக்க" என்றாள்.

குப்பியில் வளர்ந்த கிருமியின் கணக்கு வந்தது. எனக்குப் பழைய மாத்திரை இனி ஆகாது, ஊசியும் அந்த இரும்பு ருசி மாத்திரையும் இப்போதைக்குப் பிடிக்கிறது. அவருக்கு எது பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒன்றுதான். மருந்து போய்ச் சேர நெஞ்சில் இடம் மிச்சமில்லை. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு இதைச் சொன்னபோது, என் வாய் சும்மா இருந்ததா? "என் மாத்திரையில கொஞ்சம் அவருக்கு..." என்று ஆரம்பித்தேன். டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாகப் போனது. என் தோளில் கை வைத்து, "இனிமே குடுத்தாலும் அவருக்கு உதவாதும்மா. நீங்க முழுங்குங்க" என்றார்.

நேற்று சாமியார் வந்தார். புதுச்சேரிச் சாமியார், வயதில் சின்னவர். என் வீட்டுக்காரருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வந்தார். சாகப்போகிறவருக்கு நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி ஜெபிப்பது. நானும் கட்டிலருகில் முழங்காலில் நின்றேன். பூசி முடித்து, நன்மை கொடுக்க, அதாவது ஆண்டவரின் உடலாக நாங்கள் வாங்கிக்கொள்கிற அப்பத்தை எடுத்தார். அவரால் முழு அப்பத்தை விழுங்க முடியாது என்று பார்த்ததும் சாமியார் அதை இரண்டாகப் பிட்டார். ஒரு பாதியை அவர் நாக்கில் வைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்தார். அடுத்த பாதியோடு என் பக்கம் திரும்பினார்.

நான் வாயைத் திறக்கவில்லை. "பாதியா சாமி?" என்றேன்.

சாமியாருக்கு எங்கள் கதை தெரியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: "பாதியா இருந்தாலும் இதுல ஆண்டவர் முழுசா இருக்கிறாரும்மா. எத்தன துண்டாப் பிட்டாலும் கொறைய மாட்டார்."

"அப்ப அந்த மாத்திரையை மட்டும் ஏன் சாமி அவரு அப்படிப் படைக்கல?"

 அப்பத்தைப் பிடித்த சாமியாரின் கை அப்படியே நின்றது. பக்கத்துக் கட்டில்காரர்கூட இருமலை அடக்கிக்கொண்டு பார்த்தார். கட்டிலிலிருந்து என் வீட்டுக்காரர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். பேச மூச்சு போதவில்லை. ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துச் சொன்னார்.

"கேள்வி கேக்காத தெரேசு. உனக்குக் குடுக்கிறாரு. வாங்கிக்க."

வாயைத் திறந்தேன். இன்று காலையில் காலியான அவர் கட்டிலில் புது விரிப்பு போட்டிருக்கிறார்கள். நர்சம்மா என் மாத்திரையோடு நிற்கிறார்.